கித்தானை விற்றவர் எதை விற்றார்?

2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்திரை' ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு விலைபோனது. நவீன இந்திய ஓவியம் எதுவும் அதுவரை ஏலத்தில் எட்டாத விலை அது. ஹுசைன் அதை வரைந்த 1954ஆம் ஆண்டிலேயே, இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் வாங்கி நார்வேக்கு எடுத்துச் சென்றார். பிறகு அவரது கொடையாக அது ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஏலப் பணம் மருத்துவர்களின் பயிற்சிக்கு என்று அறிவித்தார்கள். யாரும் குறை சொல்ல முடியாத செலவு. ஆனால் 2011இல் மறைந்த ஹுசைனின் வாரிசுகளுக்கு இந்த விற்பனையில் பங்கு தரும்படி அமெரிக்கச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. இதே படம் மும்பையில் ஏலம் போயிருந்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவைக் காட்டி அவர்கள் பங்கு கோரியிருக்கலாம். அந்தப் பிரிவு 1995 முதல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பணம் வாங்கிய ஓவியரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

118 கோடியெல்லாம் இந்தக் கட்டுரையின் உலகம் அல்ல. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு படம் விற்றால் அந்த மாதத்தை ஓட்டிவிடலாம் என்று இருப்பவர், பதிப்பகங்களுக்கு அட்டைப்படம் வரைந்து தருபவர், கைவினைச் சந்தையில் மேசை வாடகை கொடுத்துப் பிரிண்ட் விற்பவர்: இவர்களைப் பற்றியது இது. ஆனால் ஹுசைன் வாரிசுகளின் கேள்வியும் இவர்களுடைய கேள்வியும் ஒன்றுதான். படம் கைமாறும்போது எது கைமாறுகிறது?

ஓவியரிடம் இரண்டு சரக்கு இருக்கிறது. கண்ணால் பார்க்கும் கித்தான் ஒன்று. அந்த உருவத்தைப் பிரதி எடுக்கவும், அச்சிடவும், சினிமாவில் சேர்க்கவும், வேறு வடிவத்துக்கு மாற்றவும் உள்ள உரிமை இன்னொன்று. முதலாவதை ஒரே தடவைதான் விற்க முடியும். இரண்டாவதைப் பிரித்துப் பிரித்து, காலம் வைத்து, திரும்பத் திரும்ப விற்கலாம். நம் ஊர்க் கலைச் சந்தை முதலாவதற்கு விலை பேசிவிட்டு இரண்டாவதைக் கொசுறாக வாங்கிக்கொள்கிறது. இதில் வாங்குபவரின் தந்திரத்தைவிடப் பழக்கமே அதிகம். பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மூன்று இடங்களைத் தொட வேண்டியிருக்கிறது.

முதலாவது, ராஜா ரவிவர்மா. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், ரவிவர்மாவின் படங்களைக் கேட்டவர்கள் எண்ணிக்கைக்கு அவருடைய ஒரு ஜோடிக் கை போதாது என்பதைக் கண்டார். சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் எடுக்கும்படி யோசனை சொன்னார். ரவிவர்மா ஐரோப்பாவுக்கு அனுப்புவதை விட்டுவிட்டு அச்சுக்கூடத்தையே இங்கே கொண்டுவந்தார். 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் பின்னர் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மாளவ்லிக்கு இடம்பெயர்ந்தது. ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள், கல்லச்சு, ஒரு படத்துக்குப் பல கற்கள். அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டு பூஜையறைக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

விளம்பரம் என்ற அளவில் இதை மிஞ்ச எவரும் இல்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கிடைத்த பதக்கங்களைவிட, மலிவாக விற்ற அச்சுப் படங்களே ரவிவர்மா என்ற பெயரை இந்தியா முழுக்கப் பதித்தன. வியாபாரம் என்ற அளவில் கதை வேறு. அச்சகம் நஷ்டத்தில் ஓடியது. கடன் சேர்ந்தது. 1900களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் அச்சகத்தை விற்றார்கள். கூடவே படங்களை மறுபதிப்பு செய்யும் உரிமையும் போனது. அதன் பிறகு அந்த அச்சகம் பல பத்தாண்டுகள் நடந்தது. ரவிவர்மாவின் உருவங்கள் காலண்டர்களிலும் சோப்பு விளம்பரங்களிலும் உலவின. அச்சகத்தை மட்டும் விற்று, உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதிக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது அப்படி யோசிக்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டாவது, கோவில்பட்டி. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டியில் தங்கி ஒரு சீடர் பரம்பரையையே உருவாக்கினார். பக்கத்திலேயே சிவகாசி. அவரும் சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணமும் கஜலட்சுமியும் முருகனும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் அச்சாகி, மளிகைக் கடைப் பெயரோடும் நகைக் கடைப் பெயரோடும் தமிழ் வீடுகளில் ஆணியில் தொங்கின. இந்தத் தொழிலில் வழக்கம் எளிமையானது: மூலப் படத்தை அச்சகத்துக்கோ காலண்டர் நிறுவனத்துக்கோ மொத்தத் தொகைக்குக் கொடுத்துவிடுவது. அதன் பிறகு ஆயிரம் அடித்தாலும் பத்து லட்சம் அடித்தாலும் ஓவியருக்கு அதே தொகைதான். படத்தின் மூலையில் கையெழுத்து இருக்கும். வரவு இருக்காது. நம் நாட்டில் பதிப்புரிமை ஓவியர் இறந்த பின் 60 ஆண்டு நீடிப்பதால், கொண்டையராஜுவின் படங்களுக்கு 2036 முடிய உரிமை உயிரோடு இருக்கிறது. ரவிவர்மாவை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கொண்டையராஜுவை அப்படி அச்சிட முடியாது. நடைமுறையில் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறார்கள்.

மூன்றாவது, சோழமண்டலம். இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் இங்கே ஓவியர்கள் சந்தையைத் தங்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள். சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்கள் பட்டயம் வாங்கியதும் என்ன ஆகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையம், பள்ளி டிராயிங் வாத்தியார் வேலை; இவை தவிர வழியில்லை. ஓவியர்கள் ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும்கூட நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள்தான். பணிக்கரும் மாணவர்களும் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் துணியும் தோல் வேலையும் உலோக வேலையும் செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலம் வாங்கி 1966இல் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். சோழமண்டலம் எந்த அரசு மானியத்தாலும் எழுந்ததல்ல. பத்திக் விற்ற காசில் எழுந்தது.

இதில் உள்ள கணக்கு இன்றைக்கும் பொருந்தும். விற்பதற்கென்று ஒரு வரிசைப் பொருள், விலைக்காக வளைக்காமல் வைத்துக்கொள்ள ஒரு வரிசை ஓவியம். பத்திக் துணி வாங்க வந்தவர் அப்படியே ஓவியங்களையும் பார்த்துவிட்டுப் போனார். தங்களைப் பற்றி எழுத வெளியாரை நம்பாமல், பணிக்கரின் வட்டம் 1961 முதலே 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியது. தென்னிந்திய ஓவியர்களின் வேலை டெல்லிக்கும் பம்பாய்க்கும் தெரிந்ததில் அதற்குப் பங்கு உண்டு. விற்பனை, விளம்பரம், இருப்பிடம் மூன்றையும் சேர்த்து யோசித்த கூட்டம் அது. ஆனால் பிரதி உரிமையை ஒரு வருமானமாக அவர்களும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் விற்றதெல்லாம் கையால் தொடக்கூடிய பொருள்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, வரைந்த கணத்திலேயே ஓவியருக்கு உரிமை கொடுத்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் வழக்கில் அது முதல்நிலைச் சான்றாகும். ஒரு கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், பொருள்களில் பயன்படுத்தும் படமென்றால் 2,000. கித்தானை வாங்கியவருக்குப் பதிப்புரிமை தானாகப் போய்விடாது; எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டால்தான் போகும். இதுவரை எல்லாம் ஓவியருக்குச் சாதகம்.

சிக்கல் 17ஆம் பிரிவில் இருக்கிறது. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓவியர் பத்திரிகைக்காக வரைந்த படத்தில், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்கு. மற்ற எல்லா வகையிலும், அதாவது புத்தகம், காலண்டர், சட்டை, சினிமா எதுவானாலும், ஓவியரே முதல் உரிமையாளர். வேறு ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் இது மாறும். இதைப் படித்துவிட்டு அடுத்த உட்பிரிவைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆக மாதச் சம்பளம் வாங்கும் பத்திரிகை ஓவியருக்கு மிஞ்சும் உரிமை, சம்பளமும் பி.எஃப்.பும் இல்லாமல் ஒவ்வொரு வேலையாக ஓடிப் பிடிக்கும் சுயாதீன ஓவியருக்கு மிஞ்சுவதில்லை. சுதந்திரமாக இருப்பதற்குச் சட்டம் போடும் அபராதம் போல இருக்கிறது இது.

அந்த உட்பிரிவின் பட்டியலை உற்றுப் பார்க்க வேண்டும்: புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கச்சு, திரைப்படம். சிற்பம் இல்லை. கேட்டுச் செய்த சிற்பத்தின் பதிப்புரிமை, தனியார் கேட்டதாக இருந்தால், சிற்பியிடமே தங்கும். கோட்டோவியமும் டிஜிட்டல் படமும் அந்தப் பட்டியலில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். வாதிட வைக்க ஓவியரிடம் காசு இருக்குமா என்பது வேறு விஷயம். அரசு கேட்டுச் செய்ததென்றால் உரிமை பொதுவாக அரசுக்கு. கேட்டு வரைந்த படமே ஆனாலும் அது ஒரு திரைப்படத்தில் இடம்பெற்றால் படைப்பாளியின் உரிமை பாதிக்கப்படாது என்று 2012 திருத்தம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அதே திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் செய்ததை ஓவியருக்குச் செய்யவில்லை. ஒரு படத்தில் இடம்பெற்ற பாட்டு, திரையரங்கைத் தவிர வேறு எங்கே ஒலித்தாலும் வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள பங்கை அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. இசைக்கு ஐபிஆர்எஸ் என்ற வசூல் சங்கமும் இருக்கிறது. ஓவியத்துக்குச் சட்டத்தில் அப்படிப்பட்ட பாதுகாப்பும் இல்லை, ஓவியர்களுக்கென்று வசூல் செய்து தரும் சங்கமும் இல்லை. பிரான்சில் 1953 முதல் அடாக்ப் இருக்கிறது; பிரிட்டனில் 1984இல் டாக்ஸ் தொடங்கியது. ஒரு புத்தகத்தில் படம் அச்சானால், தொலைக்காட்சியில் காட்டினால், ஏலத்தில் மறுபடி விற்றால், ஓவியர் சார்பில் பில் அனுப்புவது இந்தச் சங்கங்களின் வேலை. நம் ஓவியர் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும். தன் படம் எங்கே அச்சாகிறது என்று அவருக்குத் தெரிய வருவதே பெரும்பாலும் நண்பர் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தால்தான்.

ஓவியர்கள் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பாதி அவதூறு. படிப்பதற்கு ஒப்பந்தம் என்று எதையும் யாரும் கொடுப்பதில்லை. "ஒரு கவர் வேணும் சார், புக் ஃபேருக்குள்ள" என்று தொலைபேசி வரும், படம் மின்னஞ்சலில் போகும், ஜிபேயில் பணம் வரும். இந்த மௌனத்தில் 17ஆம் பிரிவு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

மௌனத்தை உடைக்கப் பெரிய ஆவணம் தேவையில்லை. சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமையை எழுதிக்கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியல் தருகிறது: எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எழுதி வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை திரும்பிவிடும். இவை உரிமங்களுக்கும் பொருந்துகின்றன. இந்த விதிகள் ஓவியருக்காகவே எழுதியவை போல இருக்கின்றன. ஆனால் ஏதோ ஒரு எழுத்து இருந்தால்தான் இவை உயிர்பெறும்.

எழுதிக்கொடுப்பதற்கும் உரிமம் தருவதற்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. எழுதிக்கொடுத்தால் அந்த உரிமை போனது போனதுதான், குறித்த காலம்வரை. உரிமம் என்பது அனுமதி மட்டும். சொத்து ஓவியரிடமே இருக்கும். தனியுரிமை இல்லாத உரிமம் என்றால் ஒரே படத்தை நாட்குறிப்பு நிறுவனத்துக்கும் தேநீர்க் கோப்பைத் தயாரிப்பாளருக்கும் இன்னொரு மாநிலப் பதிப்பகத்துக்கும் தனித்தனியாகத் தரலாம். வாங்குபவர் தனக்கு மட்டும் வேண்டும் என்றால், அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு விலை கூட்டிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ராயல்டி என்றால் கணக்கு இப்படிப் போகும்: மொத்த விலை 40 ரூபாய் வீதம் 10,000 நோட்டுப் புத்தகம், நூற்றுக்கு 4 என்று பேசினால் 16,000 ரூபாய். ஒரே தொகையாகப் பேசினாலும் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும். பிரதி எண்ணிக்கை குறிக்காத ஒரே தொகை, கோவில்பட்டிக் காலண்டரின் கதைதான்.

பொருள்களில் அச்சிட உரிமம் தருபவர்கள் 15ஆம் பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. துணி, பாத்திரம் போன்ற ஒரு பொருளின் மேல் வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றை, வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ்ப் பதியாமல் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை முடிந்துபோகிறது. சேலைக்கென்று வரைந்த முந்தானை வடிவம் ஐம்பத்தோராவது சேலையில் காப்பு இழக்கிறது; பிறகு யார் நகலெடுத்தாலும் பதிப்புரிமை வழக்குப் போட முடியாது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஆடை வடிவமைப்பாளர்கள் இப்படித் தோற்ற வழக்குகள் உண்டு. சுவரில் மாட்ட வரைந்த ஓவியம் ஓவியமாகத் தொடர்ந்து பாதுகாப்பு பெறும். பொருளுக்கென்று பிறந்த வடிவத்துக்குத்தான் இந்தக் கத்தி. கோலத்தையும் கோயில் சிற்ப உருவங்களையும் வைத்து டி-ஷர்ட் தொழில் தொடங்கும் இளைஞர்கள், முதல் சட்டையை வெளியிடும் முன்பே வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். வெளியிட்ட பிறகு பதியப் போனால் 'புதியது அல்ல' என்று அதுவும் கை நழுவும்.

விற்று முடித்த பிறகும் ஓவியரை விட்டுப் போகாத உரிமை ஒன்று உண்டு; 57ஆம் பிரிவு. தன் பெயரைக் கோரவும், தன் மதிப்புக்குக் கேடாகப் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு, பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த பின்னும். அமர் நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் ஏற்று 1962இல் முடித்த பெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை, 1979இல் கட்டடப் புதுப்பிப்பின்போது பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். துண்டுகள் காணாமல் போயின. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பாகங்களைச் சேகலிடமே திருப்பித் தரவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. பணமும் வாங்கிக்கொண்டு, பதிப்புரிமையும் எழுதிக்கொடுத்த ஒருவர் வென்ற வழக்கு என்பதுதான் இதன் சுவை. வென்றபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது.

பொதுச் சுவரில் வரைந்தால் எல்லாருக்கும் பொது என்ற நினைப்பும் தவறு. 2023இல் ஒரு காப்பீட்டு நிறுவனம், தன் விளம்பரப் பலகையோடு மும்பைச் சுவரோவியம் ஒன்றும் சேர்ந்து தெரியும் படத்தை விளம்பரமாக்கியபோது, அந்தச் சுவரோவியத் திட்டத்தை நடத்திய அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இணையப் பதிவுகளை நீக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. பொது இடத்துச் சிற்பத்தைப் புகைப்படமெடுக்கத் தரும் விலக்கு, சுவரில் தீட்டிய ஓவியத்துக்குச் சட்டத்தில் இல்லை.

மறுவிற்பனைப் பங்குக்குத் திரும்புவோம். பிரான்ஸ் 1920இலேயே இதைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் இது உணர்ச்சிப் பிரச்சினையானது 1973இல்: ராபர்ட் ரோஷன்பெர்க் 900 டாலருக்கு விற்றிருந்த படம் அந்த ஆண்டு ஏலத்தில் 85,000 டாலருக்குப் போனது. அரங்கிலிருந்த ஓவியர் விற்றவரிடம் நேரில் சண்டை பிடித்தார். கலிபோர்னியா 1976இல் சட்டம் இயற்றியது. 2018இல் நீதிமன்றத் தீர்ப்பு அதை ஏறக்குறைய வெறுமையாக்கியது. நம் 53ஏ பிரிவு, மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு தருகிறது. 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தாளில் பார்த்தால் தாராளம். பிரிட்டனில் பங்கு 4 சதவீதத்தில் தொடங்கி விலை ஏற ஏறக் குறைகிறது, உச்சவரம்பும் உண்டு. ஆனால் அங்கே விகிதம் அட்டவணையில் இருக்கிறது, வசூலிக்க ஆள் இருக்கிறது. இங்கே விகிதம் நிலையாக இல்லை. கருத்து வேறுபாடு வந்தால் ஓவியரே போய்க் கேட்டுத் தீர்மானிக்க வைக்க வேண்டும். படம் மறுபடி விற்றதை ஓவியருக்குத் தெரிவிக்கும் கடமையும் யாருக்கும் இல்லை. இன்னொரு முடிச்சு: ஓவியர் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்தால்தான் இந்தப் பங்கு. பணம் வாங்கிக்கொண்டு கேட்டபடி வரைந்த படத்தில் பேசாமல் இருந்திருந்தால், மறுவிற்பனைப் பங்கும் அங்கேயே போயிற்று.

சட்டம் உதவாத இடத்தில் ஒப்பந்தம் உதவுமா என்று 1971இல் நியூயார்க்கில் கலை வணிகர் சேத் சீகலாப் முயன்றார். வழக்கறிஞர் ஒருவரோடு சேர்ந்து, ஓவியர்கள் விற்கும்போது இணைக்க ஓர் ஒப்பந்த நகலை இலவசமாக வெளியிட்டார்: மறுவிற்பனையில் ஏறிய விலையில் 15 சதவீதம் ஓவியருக்கு, படம் யாரிடம் இருக்கிறது என்று அறியும் உரிமை, கண்காட்சிக்கு இரவல் வாங்கும் உரிமை. ஹான்ஸ் ஹாக்கே போன்ற வெகு சில கலைஞர்களே விடாமல் பயன்படுத்தினார்கள். வாங்குபவர் விலகிவிடுவார் என்ற பயம் மற்றவர்களுக்கு. நம் ஊரிலும் பதினைந்தாயிரம் ரூபாய் படத்துக்கு 15 சதவீத நிபந்தனை போட்டால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆனால் 'படம் யாரிடம் இருக்கிறது' என்ற பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விற்ற ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, அளவு, ஆண்டு, வாங்கியவர், விலை, ஒரு நல்ல புகைப்படம் என்று பதிவேடு வைப்பது. பின்னாளில் போலியை மறுப்பதற்கும், தொகுப்பு நூல் போடுவதற்கும், வாரிசு உரிமை கோருவதற்கும் இதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

விற்பனைப் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம். கேலரி கமிஷன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை. அதற்கு ஈடாக அவர்கள் உண்மையிலேயே வாங்குபவரைக் கொண்டுவருகிறார்களா என்று பார்க்க வேண்டும். சுவரை மட்டும் வாடகைக்குத் தருபவருக்குப் பாதி எதற்கு? சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி அரங்கு போன்ற இடங்களில் ஓவியரே கண்காட்சி நடத்தலாம். எங்கே விற்றாலும் ஒரே விலை வைக்க வேண்டும்; ஸ்டுடியோவில் பாதி விலைக்குக் கொடுப்பவரை எந்த கேலரியும் இரண்டாம் தடவை கூப்பிடாது. பிரிண்ட் போட்டால் மொத்தம் எத்தனை என்று எண் இட்டு, அந்த எண்ணை மீறாமல் இருக்க வேண்டும். வரியில் ஒரு விசித்திரம்: பொருள் மட்டுமே விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம்வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்றாலும், சில கைவினைப் பொருள்களுக்கு உள்ள சலுகையைத் தவிர, வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் அந்த விலக்கு இல்லை. உரிமம் தருவது சேவை. 20 லட்சம்வரை மாநில எல்லை அதைத் தடுக்காது. பெங்களூருக்குக் கித்தானை அனுப்புவதைவிட அதன் உரிமத்தை அனுப்புவது சுலபம்.

பெயர் பரவுவதற்கு இன்று எல்லாரும் இன்ஸ்டாகிராமை நம்புகிறார்கள். முந்தைய தலைமுறைக்கு அந்த இடத்தில் பத்திரிகை இருந்தது. மணியம், கோபுலு, ஜெயராஜ், மாருதி என்று கேலரிப் படி ஏறாத வாசகரும் கோட்டைப் பார்த்தே ஆளைச் சொன்னார். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கு வரைந்ததில் காசு சேர்ந்திருக்காது. ஆனால் எழுத்தாளர்களும் வாசகர்களும் அடங்கிய ஒரு நிலையான பார்வையாளர் கூட்டம் சேர்ந்தது. அதற்கு இணையாக இன்று தேவைப்படுவது, விருப்பக்குறி இடும் பத்தாயிரம் பேரைவிட, மின்னஞ்சல் முகவரி தந்த இருநூறு பேர். தளத்தில் படம் ஏற்றும்போது அதைப் பயன்படுத்த விலையில்லா உரிமம் ஒன்றைத் தளத்துக்குத் தந்துவிடுகிறோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அதனால் முழு அளவுக் கோப்பை ஏற்றத் தேவையில்லை. ஏ3 தாளில் நன்றாக அச்சாக 3,508க்கு 4,961 பிக்சல் வேண்டும். நீளப் பக்கம் 1,200 பிக்சல் கொண்ட படம் கைபேசியில் அழகாகத் தெரியும், அச்சில் திருடனுக்கு உதவாது. பெரிய கோப்பு பில்லோடு போகட்டும்.

அந்த பில்லில் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் இவ்வளவும் வந்து முடிகிறது. மூன்று வரி போதும்: "இந்தப் படம் குறிப்பிட்ட நூலின் முதல் பதிப்பு 1,000 பிரதிகளின் முன்னட்டைக்கும் அந்நூலின் விளம்பரத்துக்கும் மட்டும். மறுபதிப்புக்கும் பிற பயன்பாட்டுக்கும் தனிக் கட்டணம். பதிப்புரிமையும் மூல ஓவியமும் ஓவியருடையவை." வேலை தொடங்கும் முன் இதை மின்னஞ்சலில் அனுப்பிச் சம்மதம் எழுதி வாங்கினால் 17ஆம் பிரிவு கேட்கும் 'வேறு ஒப்பந்தம்' கையில் இருக்கிறது, இருவரும் கையெழுத்திட்ட தாள் என்றால் இன்னும் நல்லது. தமிழ்ச் சிறு பதிப்பகங்களில் பெரும்பாலானோர் இதை மறுக்கக் காரணம் இல்லை. அவர்களுக்குத் தேவை ஒரு அட்டைதான். கோப்பையும் காலண்டரும் அவர்கள் யோசித்ததே கிடையாது. யாராவது மறுத்தால், அந்தப் படத்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்த நினைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குத் தனி விலை சொல்லலாம்.